கப்பல் சாமி வரியை எரித்த கதை

சுங்க அலுவலகத்தின் பார்சல் பிரிவில் ஆறு கவுண்ட்டர்கள் இருந்தன. ஆறிலும் ஆள் இருந்தார்கள், கணினி இருந்தது, மின்விசிறிகூட ஓடியது. கூட்டம் மட்டும் அங்கே இல்லை. அது வாசலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி விரித்திருந்த பெரிய நீலக் குடையைச் சுற்றி நின்றது. குடைக்குக் கீழே கப்பல் சாமி உட்கார்ந்திருந்தார்.

சாமி மூன்று நாள் நடுக்கடலில் மிதந்தவராம். நான்காம் நாள் கடலே வாய் திறந்து, "என்னைத் தாண்டி வர்ற பொருளெல்லாம் இனிமே உன் பேச்சைக் கேக்கும்" என்று வரம் கொடுத்ததாம். தத்தளிக்கிற மனிதனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று சொல்லாமல் சுங்க வரியைப் பற்றிப் பேசிய கடல் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். விமானத்தில் வரும் பார்சல் எப்படி அவர் பேச்சைக் கேட்கும் என்று ஒருவர் கேட்டாராம். "கடலுக்கு மேலதானே பறந்து வருது" என்று பதில் சொல்லி அவரையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டில் பொருள் வாங்கியவர்களுக்குத் தபாலில் ஒரு மஞ்சள் சீட்டு வரும். சாமி அதை வாங்குவார். கட்டை விரலால் மூலையைத் தடவுவார். நெற்றியில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடுவார். உடம்பு அலைபோல ஆடும். பிறகு, "எரிஞ்சிடுச்சு" என்பார். சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனால், வரி எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பார்கள்.

எல்லோருக்கும் எரியாது. சிலரிடம், "உன் சாமான் மேல பெரிய கண்ணு பட்டிருக்கு. ரெண்டு பங்கு வரி போட்டிருந்தான். ஒரு பங்கை எரிச்சுட்டேன். மிச்சத்தைக் கட்டிடு" என்பார். அவர்கள் முழு வரியையும் கட்டிவிட்டு, பாதி மிச்சமான பூரிப்பில் திரும்பி வந்து இன்னொரு முறை காணிக்கை வைப்பார்கள். எரிந்தாலும் காணிக்கை, எரியாவிட்டாலும் காணிக்கை. இப்படி ஒரு தொழிலைக் கண்டுபிடிக்க மூன்று நாள் என்ன, மூன்று வருஷம்கூட மிதக்கலாம்.

அந்த வரிசையில் தையல்காரம்மா மூன்றாவது முறையாக நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய பார்சலில் இருந்தது காதுக் கருவி. மகளுக்கு ஏழு வயது. அந்தச் சின்னக் காதுக்குப் பொருந்துகிற அளவு உள்ளூரில் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பள்ளிச் சீருடை தைத்து, முதுகு வளைந்து வரவழைத்த கருவி. குழந்தை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சரின் உதட்டைப் பார்த்தே பாடம் படிக்கிறவள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

முதல் நாள் சாமி அவள் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். "கட்டு விழுந்திருக்கு. மூணு தடவை வரணும். நடுவுல கவுண்ட்டர் பக்கம் போகாத. காகிதம் எதையும் காட்டாத. காட்டினா கட்டு இறுகிடும்."

எனவே டாக்டர் கொடுத்த கடிதம் அவள் பையிலேயே மடித்தபடி கிடந்தது.

இன்று அவளோடு நாத்தனாரும் வந்திருந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துபவள். கண்ணில் பட்ட எழுத்து எதையும் படிக்காமல் விடமாட்டாள். சோப்புத்தூள் உறையைக்கூட முழுசாகப் படித்து, அதில் இரண்டு பிழை கண்டுபிடித்த பிறகுதான் துணியை நனைப்பாள்.

"அண்ணி, அந்தச் சீட்டைக் குடுங்க."

"எதுக்கு? சாமி கையிலதான் குடுக்கணும்."

"படிச்சிட்டுத் தர்றேன்."

"அதுல படிக்க என்ன இருக்கு?"

நாத்தனார் சீட்டைத் திருப்பி மூக்கருகே வைத்துக்கொண்டாள். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தமாதிரி பொடி எழுத்து. படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"முன்பக்க மூலையில ஒரு சின்னக் கட்டம் இருக்கு, பாத்தீங்களா? அதுக்கு அர்த்தம் பின்னாடி போட்டிருக்கு. 'அ'ன்னு இருந்தா வரி கிடையாது. 'ஆ'ன்னா வரி உண்டு. 'இ'ன்னா ஏதாவது ஆவணம் காட்டணும். உங்களோடது 'இ'."

"அப்படின்னா?"

"மருத்துவக் கருவிக்கு டாக்டர் கடிதம் காட்டினா வரி விலக்குன்னு போட்டிருக்கு. பதினஞ்சு நாளுக்குள்ள வாங்கலேன்னா பார்சலைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னும் போட்டிருக்கு. இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"பதினாலு" என்றாள் தையல்காரம்மா. "ஆனா எத்தனை பேருக்கு எரிஞ்சுது. நானே பாத்தேனே."

"அவங்க சீட்டுல 'அ' இருந்திருக்கும். முடிவை அச்சடிச்சுட்டுதான் அண்ணி சீட்டையே அனுப்புறாங்க. இவரு எரிக்க என்ன மிச்சம் இருக்கு?"

சாமியின் கட்டை விரல் மூலையைத் தடவியதும், கண் மூடுவதற்கு முன் அவர் பார்வை ஒரு நொடி அங்கே தாழ்ந்ததும் தையல்காரம்மாவின் நினைவுக்கு வந்தன. அதை அவள் ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தாள். மகளுடைய பதினாலு நாளை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனாலும் அளவு எடுக்காமல் கத்தரிக்கோலை வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பையிலிருந்து குண்டூசி டப்பாவையும் வெட்டுத் துணியையும் எடுத்தாள். முன்னால் நின்ற மூன்று பேரிடம் பேசினாள். மீன் தொட்டிக்கு மோட்டார் வாங்கிய பெரியவர், ஒரு கித்தார் வாத்தியார், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். "தப்பா நினைக்காதீங்க. மூலையில ஒரு சின்ன ஒட்டு. அவ்வளவுதான். சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே." மூவரும் அதை ஒருவிதச் சடங்கு என்று நினைத்து மகிழ்ச்சியோடு நீட்டினார்கள். மூன்று கட்டங்களையும் துணியால் மூடி ஊசி குத்தினாள்.

பெரியவரின் சீட்டை வாங்கிய சாமியின் கட்டை விரல் துணியில் போய் முட்டி நின்றது.

"என்ன இது?"

"மூலை மடங்கிடக் கூடாதுன்னு வெச்சேன் சாமி" என்றாள் தையல்காரம்மா.

"குண்டூசி இரும்பு. இரும்பு கடலுக்கு ஆகாது. எடு."

"கப்பலே இரும்புதானே சாமி" என்றாள் நாத்தனார்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காணிக்கை வாங்கிக்கொண்டிருந்த மீசைக்கார சிஷ்யன் முறைத்தான். சிரிப்பு நிற்கவில்லை. இனி மறுத்தால் குடை சாயும் என்று சாமிக்குத் தெரிந்துவிட்டது. சீட்டை நெற்றியில் ஒட்டினார். அன்று அலை கொஞ்சம் அதிகமாகவே அடித்தது.

"எரிஞ்சிடுச்சு" என்றார் பெரியவரிடம். கித்தார் வாத்தியாரிடம், "பாதிதான் எரிஞ்சுது." வங்கி ஊழியரிடம், "முழுசா எரிஞ்சிடுச்சு."

தையல்காரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நாத்தனார் சத்தமாகப் படித்தாள்.

"பெரியவருக்கு 'ஆ'. வரி உண்டு. வாத்தியாருக்கு 'அ'. வரியே கிடையாது. வங்கி ஐயாவுக்கும் 'ஆ'."

கித்தார் வாத்தியார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லாத வரியில எந்தப் பாதியை எரிச்சீங்க சாமி?"

"நம்பிக்கை இல்லாத இடத்துல சக்தி நிக்காது" என்றார் சாமி. குரலில் ஈரம் காய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளேயிருந்து ஒரு குமாஸ்தா கையில் காகிதத்தோடு வெளியே வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "சாமி, போன வாரம் உங்க மசாஜ் நாற்காலிக்கு வரி கட்டினீங்களே, ரசீதை விட்டுட்டுப் போயிட்டீங்க. நாலு நாளா வெச்சிருக்கேன்."

கூட்டம் ரசீதைப் பார்த்தது. சாமியைப் பார்த்தது. கடலையே பேசவைத்தவர் தன் நாற்காலிக்குக் கடைசிப் பைசா வரை வரி கட்டியிருந்தார். "நான் எரிக்கிறது பக்தர்களுக்காக மட்டும்தான்" என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பெரியவர் காணிக்கைப் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டார். சிஷ்யன் கம்பி நீட்டிய வேகத்தைப் பார்த்தால், கடலில் மிதந்தவன் அவன்தானோ என்று சந்தேகம் வரும். சாமியால் அவ்வளவு வேகமாக ஓட முடியவில்லை. கொடுத்தவர்களெல்லாம் சூழ்ந்துகொண்டு, கொடுத்ததைத் திரும்ப வாங்கிய பிறகுதான் வழி விட்டார்கள்.

தையல்காரம்மா அதற்குள் மூன்றாவது கவுண்ட்டரில் இருந்தாள். டாக்டர் கடிதத்தைப் பிரித்து நீட்டினாள். உள்ளே இருந்த பெண் கடிதத்தைப் படித்து, ஒரு முத்திரை குத்தி, "இதுக்கு வரி இல்லைங்க. முதல் நாளே வந்திருக்கலாமே, எதுக்கு இத்தனை நாள் விட்டீங்க?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா கையெழுத்துப் போட்டாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. மொத்தம் ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்தபோது நீலக் குடை காலியாக இருந்தது. கூட்டம் கலையவில்லை. அது நாத்தனாரைச் சுற்றி நின்றது. புதிதாக வந்த நாலைந்து பேர் மஞ்சள் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். மீன் தொட்டிப் பெரியவரே அவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா பாத்த உடனே சொல்லிடுறாங்க" என்றார் பெரியவர் பக்கத்து ஆளிடம், குரலைத் தாழ்த்தி. பிறகு நாத்தனாரிடம் பணிவாக, "என் மருமகன் சீட்டையும் கொஞ்சம் நெத்தியில வெச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். நீங்க எந்தக் கிழமையில வருவீங்கம்மா?" என்று கேட்டார்.

நாத்தனார் அவர் கையைப் பிடித்துச் சீட்டைத் திருப்பி, அவர் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்.

"நெத்தியில எனக்குக் கண்ணு இல்லைங்க. உங்களை மாதிரியே அதுக்குக் கீழதான் ரெண்டு இருக்கு. அதை வெச்சுப் படிங்க. புரியலேன்னா உள்ள போய்க் கேளுங்க. கேள்வி கேக்குறதுக்கு இன்னும் யாரும் வரி போடலை."