நாலாவது மாடி

"கம்பெனி பேரு எழுதற இடம் காலியா இருக்கே?" என்றார் துறைத் தலைவர். "வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க இன்டர்ன்ஷிப்னு எழுதிக் குடு. மாசக் கடைசியில சர்டிபிகேட்டும் வேணும். இல்லன்னா அடுத்த வருஷமும் நீ மூணாவது வருஷம்தான்."

லேட்டு தலையாட்டினான். வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர். அறுபத்தொரு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்திருந்தான். இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, 'இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்'. இன்னொன்றும் அதுவே.

மற்ற எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. கிடைத்ததைக் கழுத்தில் அட்டையாக மாட்டிக்கொண்டு கேண்டீனில் உலவினார்கள். கை கழுவும்போதுகூடக் கழற்றவில்லை.

"உனக்கு எங்கடா?" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

ஜன்னலுக்கு வெளியே ஒரு நீலக் கட்டடம் தெரிந்தது.

"அதோ, நாலாவது மாடி."

போர்டில் இருந்த பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தான். பிரச்சினை தீர்ந்தது. சாயங்காலம் வரைக்கும்.

"நானே வண்டியில கொண்டு போய் விடறேன்" என்றார் அப்பா. விட்டதோடு போகவில்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை நின்று கையசைத்தார். தினமும்.

இரண்டு நாள் நாலாவது மாடிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் காலி செய்தான். மூன்றாம் நாள் ஒரு கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்டர்னா? படியில என்ன பண்றே? உள்ள வா. நான்தான் டீம் லீடர்."

உள்ளே பத்துப் பேர். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் ஃபைல்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் ஆர்டர் போட்டிருக்கு, வந்துரும்" என்றார் டீம் லீடர். "அதுவரைக்கும் நீயும் நம்பர் போடு."

போட்டான். அது அடுத்த மேசைக்குப் போனது. அங்கே சரிபார்த்தார்கள். அதற்கடுத்த மேசையில் டிக் அடித்து அலமாரியில் வைத்தார்கள். மறு வாரம் அதே ஃபைல்கள் அவனிடமே வந்தன.

"இதுக்குப் போன வாரமே நம்பர் போட்டாச்சே சார்?"

"அது பழைய நம்பர்."

ஆபீஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவனை வதைத்தது வேறு. மதியத்துக்குள் மற்றவர்கள் நாற்பது முடித்தார்கள், அவன் இருபத்திரண்டு. திருட்டுத்தனமாக நுழைந்த இடத்திலேயே பின்தங்குகிறவனை நேர்வழியில் எவன் எடுப்பான்?

சாப்பாட்டை விட்டுவிட்டு நம்பர் போட்டான். ஐம்பதானது. டீம் லீடர் தோளில் தட்டி, "இனிமே இந்த நாலு பேரையும் நீதான் பாத்துக்கணும்" என்றார். நாலு பேரும் எழுந்து நின்று அவனை 'சார்' என்றார்கள். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

வீட்டில் அப்பா, "உங்க மாமா பையன் சும்மாதான் இருக்கான். அவனையும் உள்ள இழுத்து விடேன்" என்றார்.

மாசக் கடைசி வந்தது. சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்து வேண்டும், சீல் வேண்டும். இனி முடியாது என்று டீம் லீடர் முன்னால் போய் நின்றான்.

"சார், மன்னிச்சிருங்க. நான் நிஜ இன்டர்ன் இல்ல. என்னை யாரும் எடுக்கல. சும்மா வந்து உக்காந்துட்டேன்."

பத்துப் பேனாக்களும் நின்றன. யாரோ இருமினார்கள்.

டீம் லீடர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அஞ்சு நிமிஷம் இரு" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். லிஃப்டில் அல்ல, படியில். கொஞ்ச நேரத்தில் அடுத்த மேசைக்காரர் எழுந்தார். பிறகு அதற்கடுத்தவர். அவனை 'சார்' என்றவர்கள்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இருபது நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வருஷம் மறுபடியும் கண்முன் நீண்டது, இந்த முறை கைவிலங்கோடு. தாங்க முடியாமல் கீழே ஓடினான்.

"அண்ணே, நாலாவது மாடி டீம் லீடர் போலீஸ் ஸ்டேஷன் பக்கமா போனாரா?"

வாட்ச்மேன் செய்தித்தாளை மடித்தார்.

"போலீசா? அந்தக் கம்பெனி ஃபைலெல்லாம் அப்படியே போட்டுட்டுக் காலி பண்ணிப் போயி எட்டு மாசமாச்சு தம்பி. உன்ன மாதிரி மொத ஆளா வந்து படியில உக்காந்த பையன்தான் அவரு."