பந்தியில் இன்னொரு மொட்டை

கருமாதிப் பந்தியில் மூன்றாவது இலைக்கு முன்னால் ஒரு மொட்டைத் தலை உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் பரிமாறிக்கொண்டிருந்த எத்திராஜ் அப்படியே நின்றான்.

கொள்ளி வைத்தவன் எத்திராஜ். மொட்டை அவனுக்கு மட்டும்தான். பெரியப்பா நாகபூஷணம் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தவர். கங்காதர நெல்லூர் பக்கம் அவர் விட்டுப்போன பன்னிரண்டு ஏக்கர் மாந்தோப்புக்கு எத்திராஜை விட்டால் வாரிசு கிடையாது. இப்போது எவனோ தலையை மழித்துக்கொண்டு வந்து வடை தின்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

“இன்னாங்க, யாரு அது? மூக்கு அச்சு அசலா பெரிய மாமாவாட்டமே கீது!” என்றாள் மனைவி அம்சவேணி.

“வாயை மூடுடி!”

பாயச வாளியோடு போய் நின்றான். “எந்த ஊரு தம்பி?”

“பாகாலாண்ணா. பேரு கோவர்த்தனன்.”

எத்திராஜ் வாளியைக் கீழே வைத்தான். பெரியப்பா மாதம் ஒருமுறை பாகாலா போவார். எதற்கென்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“பெரியவரை... தெரியுமா?”

“நல்லா கேட்டீங்க! எங்கம்மா கையால துன்னாத்தான் அவருக்குத் துன்ன மாதிரியே இருக்கும்.”

அம்மா வேறு இருக்கிறாளா! சித்தூர் கோர்ட்டு வராந்தாவில் தான் கிழவனாகி நிற்பது எத்திராஜின் கண்முன்னே வந்தது. இவன் வக்கீலைப் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். சாட்சிக்குத் தோப்புக் காவல்காரர் முனுசாமி.

“ஒரு ஏக்கர் எடுத்துக்கோ. ஊரைக் கூட்டாதே.”

கோவர்த்தனன் வாயைப் பிளந்தான். கண் கலங்கியது.

பத்தவில்லை போலிருக்கிறதே! “சரி, ரெண்டு! கெணத்தோட!”

“அண்ணா, எனக்கு எதுக்கு...”

“எனக்கு எல்லாம் தெரியும். பேசாம கையெழுத்துப் போடு!”

இரண்டு ஏக்கர் அவனுக்கு, மீதியில் பாத்தியதை இல்லை என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். எத்திராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“இப்பவாவது சொல்லு. பெரியப்பா உங்கம்மாவை ஊரறியக் கட்டிக்கினாரா?”

“ஐயையோ! எங்க நைனா குத்துக்கல்லாட்டம் கீறாருண்ணா! எங்கம்மா ஸ்டேஷன்கிட்ட மெஸ் நடத்துது. பெரியவரு சீட்டாட வந்தா அங்கதான் துன்னுவாரு.”

“அப்போ இந்த மொட்டை?”

கோவர்த்தனன் திருப்பதி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டான்.

“சொந்தமா அரை ஏக்கராவது வேணும்னு வேண்டிக்கினு நேத்துதான் திருமலையில முடி குடுத்தேண்ணா... பெருமாள் கெணத்தோட குடுத்துட்டாரு!”