கங்காணி இல்லாத சோப்புப் பெட்டிகள்

பிற்பகல் மூன்று இருபதுக்கு மலையில் மூடுபனி இறங்கியது. டியூஷன் முடிந்து தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் வர வேண்டிய என் எட்டு வயது மகள் வரவில்லை.

அதுவரை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலேயே எங்கள் வயர்மேனைப் போல உருப்படாத மனிதர் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஃபெக்டரியில் மின்சாரம் பார்ப்பவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து டி.வி. ரிமோட்களை எல்லாம் பழுதுபார்க்க வாங்கி, உள்ளிருந்த விளக்குகளைக் கழற்றி, நாற்பது சோப்புப் பெட்டிகளில் பொம்மைக் கார்ச் சக்கரங்களோடு பொருத்திவிட்டார். இரண்டு வாரம் லயமே ஒரே சேனலைப் பார்த்தது.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் நேரத்தில், அவற்றைக் குவியலாகக் கொட்டினார். முட்டி மோதிய பெட்டிகள் தாமாகவே வட்டமாகின. வட்டத்திலிருந்து ஐந்து விரல்கள் முளைத்தன.

"இதுல கங்காணி எது?" என்று தோட்டத்துத் துரை சிங்களத்தில் கேட்டார்.

"கங்காணியே இல்லைங்க தொரை. முட்டைக்குள்ள 'நீ கண்ணு, நீ காலு'ன்னு குஞ்சுக்கு எவன் வேலை பிரிச்சான்? ஒவ்வொண்ணும் பக்கத்துல உள்ளதை மட்டும் பாக்கும். பக்கத்துல யாருமில்லைன்னா நகராது. நின்ன எடத்துலயே லைட்டைச் சிமிட்டும்."

வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரிய கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். கைதட்டிய என் மகளை வீட்டுக்கு இழுத்துப் போனேன். "படிக்கிற புள்ளையைக் கெடுக்காதீங்க" என்று வயர்மேனிடம் சொல்லியும் விட்டேன். "சரிங்க கிளாக்கர் ஐயா" என்றார்.

இப்போது கொழுந்தை எடைபோட்டுவிட்டு நின்ற பெண்கள், டவுனுக்குப் போன பெரிய கங்காணி வந்து ஆள் பிரிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் பொறுக்காமல் பனிக்குள் பாய்ந்தேன். பின்னால் வயர்மேனின் குரல் கேட்டது.

"ஓடாதீங்க அக்கா. பக்கத்து ஆளு கையை மட்டும் வுடாதீங்க. எடவெளி வந்தா மூடிக்கங்க."

நான் மகள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். எதிர்மலையிலிருந்து என் குரலே திரும்பி வந்தது. அதை நோக்கியும் ஓடினேன். ஒரு செருப்பு போயிற்று. இரண்டு காலிலும் அட்டை. கீழே எங்கோ பள்ளத்தில் தண்ணீர் விழும் சத்தம். அவள் அங்கே போயிருந்தால் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அதைப் பிடித்த இன்னொரு கை. சங்கிலி போலப் பாறையைச் சுற்றி வளைந்து பெண்கள் வந்தார்கள். கடைசியில் வயர்மேன். அவர் தோளில் என் மகள், சிவப்புக் குடையை விரித்தும் மடக்கியும் சிமிட்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ள நின்ன எடத்துலயேதாங்க நின்னுச்சு, பத்து நிமிசத்துல கெடைச்சிருச்சு" என்றார் மூச்சிரைக்க. "ஒங்களத் தேடித்தான் ஒரு மணி நேரம். கையைக் கொடுங்க ஐயா, சேந்து எறங்குவோம்."