மொமோசே கன்ஜிரோ நாழிகை வட்டில் திருப்பிய படலம்

வாழ்க மொமோசே கன்ஜிரோ! பனிமுடி தரித்த மலைகள் வட்டமிட்டுக் காவல் நிற்கும் மத்ஸுமோட்டோ நகரில், காக்கைச் சிறகின் கருமை பூண்ட கோட்டையின் தலைவனுக்கு வழிவழியாய்ப் பாதுகை எடுத்து வைத்த குடியின் கொழுந்து, கடிகார ஆலையில் நெடுங்காலம் தரம் பார்த்து, மயிரிழை பிசகிய பற்சக்கரத்தையும் மன்னியாது ஒதுக்கி ஓய்வு பெற்ற உக்கிரர், எந்த நாற்காலியின் சாய்வும் தொட்டறியாத நெடுமுதுகர், வாழ்க, வாழ்க!

வாளெடுத்தவர் பெருமையை எவரும் பாடுவர். பாதுகை எடுத்தவர் பெருமையைப் பாட நாவில் நயம் வேண்டும். நள்ளிரவில் தீப்பற்றினாலும், பகைவர் மதிலேறினாலும், இடது எது வலது எது என்று இருளிலும் பிழையாமல் தலைவன் காலடியில் எடுத்துவைத்தவர்கள் மொமோசேக்கள். அத்தலைவன் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை என்று ஊர் சொல்லும். அதில் பாதிப் புகழ் யாருக்கு உரியது என்பதை ஊர் சொல்ல மறந்துவிட்டது. மொமோசேக்கள் மறக்கவில்லை. அந்தக் கோரைப்புல் பாதுகைகளில் ஒரு சோடி இன்றும் அவர்கள் வீட்டுப் பாய் அறையின் மாடத்தில், பட்டுத் துணிமேல் வீற்றிருக்கிறது.

அத்தகைய வீட்டில் காலுக்குச் சட்டம் இருப்பதில் வியப்பென்ன? தெருக் காலணி வாசலோடு நிற்கும். தாழ்வாரத்துக்குத் தனிச் செருப்பு. கழிவறைக்கென்று ஒரு சோடி பச்சைச் செருப்பு. அது பிறந்தது முதல் அந்தக் கதவைத் தாண்டி உலகம் கண்டதில்லை. பாய் அறையிலோ காலுறை மட்டும். இவை நான்கும் நான்கு நாடுகள். எல்லை மீறினவனுக்கு மன்னிப்பு கிடையாது.

மீறினான் ஒருவன். ஒகினோ கெய்தா அவன் பெயர். தெருவோரத்தில் காசு போட்டால் குளிர்பானம் தரும் பெட்டிகளுக்குப் புட்டி நிரப்பும் லாரிக்காரன். கன்ஜிரோவின் ஒரே மகள் மினோரியின் மனம் கவர்ந்தவன். சென்ற வசந்தத்தில் முதன்முதலாகப் பெண் கேட்டு வந்தவன், பதற்றத்தில் கழிவறை சென்று, அதைவிடப் பெரிய பதற்றத்தில் அந்தப் பச்சைச் செருப்போடே பாய் அறைக்குள் நடந்து வந்து, மாடத்துப் பாதுகைகளின் கண்ணெதிரே நின்று, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"அப்பாவா? நானா உன்னப் பெத்தேன்? மொதல்ல கால்ல இருக்கறதக் கழட்டு!"

பேச்சு அத்தோடு முடிந்தது. மனைவி நொபுயே பல நாள் பரிந்து பேசினாள். அவர் அசையவில்லை. "நடந்தது நடந்ததுதான். விட்ட அம்பு வில்லுக்குத் திரும்புமா?" என்றார்.

இனிப் போர்க்களம் கூறுவோம். 'ஏழு கோபுரப் போர்' என்றொரு விளையாட்டு. முன்னாளில் அது தொலைக்காட்சியோடு பிணைத்த பெட்டிக்குள் சிறைப்பட்டிருந்தது. கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தி, மேடும் பள்ளமும் காற்றும் கணக்கிட்டு வெல்ல வேண்டிய அந்தப் போரைக் கன்ஜிரோ தம் நடுவயதில் வென்று முடித்தவர். இப்போது அதே போர், உள்ளங்கையில் அடங்கும் கருவிக்கெனப் புது மெருகேறி மீண்டும் வெளிவந்தது. தொலைக்காட்சி நாடக நேரத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே திரைக்காக முட்டிக்கொள்வதைக் காணச் சகியாமல் மினோரி வாங்கிக் கொடுத்தாள். ஓவியங்கள் தெளிந்தன, நாடுகள் கூடின, பகைவர் பெருகினர். அவற்றோடு பழைய போரில் இல்லாத இரண்டு வரங்களும் சேர்ந்தன.

முதல் வரம் பாசம். அருகருகே நின்று போரிட்ட வீரர்களுக்குள் அன்பு முளைக்கும்; ஒருவர்மேல் விழும் அடியை மற்றவர் கேளாமலே பாய்ந்து வாங்குவர். இரண்டாவது வரம் திரையின் மூலையில் மின்னும் ஒரு நாழிகை வட்டில். அந்தப் போரில் மாண்ட வீரன் மாண்டவனே, மீளான். ஆனால் வட்டிலைக் கவிழ்த்தால் காலம் பின்னோடும். வைத்த அடியை எடுக்கலாம், செய்த பிழையைத் துடைக்கலாம்.

கன்ஜிரோ அதைப் பார்த்த பார்வையில் வட்டில் உருகாதது வியப்பு. ஷோகி என்னும் சதுரங்கப் பலகையில் வைத்த காயைத் திரும்ப எடுத்தான் என்பதற்காக உடன்பிறந்த தம்பியோடு ஆடுவதையே விட்டவர் அவர். அந்த வட்டிலைத் தம் விரல் தீண்டாது என்று கருவியின் முன் சபதம் செய்தார்.

படைக்குப் பெயரிடும் உரிமை ஆடுபவருடையது. இரும்புக் கவசம் பூண்ட தளபதிக்குக் கன்ஜிரோ என்றும், தீ மழை பொழியும் மாயக்காரிக்கு நொபுயே என்றும், வில்லாளிக்கு மினோரி என்றும் பெயரிட்டார். படையில் சேர்ந்த ஒரு நோஞ்சான் வைத்தியத் துறவிக்கு, உதட்டோரம் ஒரு நெளிவோடு, கெய்தா என்று பெயரிட்டார். கவசம் கொடுக்கவில்லை. கையில் ஒரு தடி. ஒவ்வொரு போரிலும் அவனே முன்னணி. அம்பு வரும் திசைக்கு அவனே விருந்தாளி. வில்லாளியோடு பாசம் முளைத்துவிடக் கூடாதென்று இருவரையும் களத்தின் எதிரெதிர் மூலைகளில் நிறுத்தினார்.

கெய்தா சாகவில்லை. அம்புகள் காதோரம் போயின. ஈட்டிகள் தடியில் பட்டுத் தெறித்தன. அரக்கர் மூச்சுக்குக் கருகி, குப்புற விழுந்து, எழுந்து, பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்தவனுக்கு மருந்திட்டான். கன்ஜிரோவுக்கு அவன்மேல் வந்தது கோபம்தான். அது வேறொன்றாக மாறிக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை.

இதற்கிடையில் தாயும் மகளும் ஒன்றுகூடி, கெய்தா மறுபடி ஒருமுறை வந்து பெண் கேட்க நாள் குறித்துவிட்டனர். ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்றைக்குக் கன்ஜிரோ பாலத்துப் போரை, இறுதிப் போரை, எட்டியிருந்தார். அவர் நெஞ்சுக்குள் ஓர் இரகசிய ஆணை பிறந்தது: இந்தப் போரில் துறவி கெய்தா வீழ்ந்தால் அது வானத்தின் தீர்ப்பு, வாசலில் வந்து நிற்கப்போகிறவனுக்கு மகள் இல்லை. பிழைத்தால்? பிழைப்பான் என்று அவர் எண்ணவே இல்லை.

விருந்தாளி வருமுன் தீர்ப்பு வந்தாக வேண்டும். எனவே மாவீரர் கருவியை மார்போடணைத்துக் கழிவறை புகுந்தார், பச்சைச் செருப்பில் கால் நுழைத்தார், தாழிட்டார், மின்சாரம் இளஞ்சூடேற்றிய வெண்பளிங்கு அரியணையில் அமர்ந்தார். சுவரில் ஒரு பொத்தான்: அழுத்தினால் அருவி ஓசை எழும், உள்ளிருப்பவர் மானம் காக்கும். அன்று அது வாளோசையை மறைக்கும் பணி பூண்டது.

ஊழிக் காற்று உறுமியதுபோல் முரசு முழங்க, கருங்கொடிகள் கார்மேகமாய்த் திரண்டுவர, பாலத்தின் அக்கரையில் எலும்பு முடி சூடிய பேரரசன் மலைபோல் எழுந்து நின்றான். தீ மழை பெய்தது, ஈட்டிக்காடு அசைந்தது, தளபதியின் கேடயத்தில் இடி இறங்கியது. அந்நேரம் கதவும் இடிபட்டது.

"என்னங்க, அவரு வந்துட்டாரு."

அருவி பாய்ந்தது.

"தாழ்வாரச் செருப்பு வெளிய கெடக்கு, உள்ளதான் இருக்கீங்க, தெரியுது. கேக்குதா? வயிறு சரியில்லையா?"

"கடமையில இருக்கேன்!"

"கக்கூஸ்ல என்னங்க கடமை?"

அருவி மறுபடி பாய்ந்தது. சற்றுப் பொறுத்து மகளின் குரல்.

"அப்பா, அருவிக்குள்ள கத்திச் சண்ட கேக்குதுப்பா."

"அது குழாய்ச் சத்தம்."

"குழாய் 'முன்னேறுங்கள்'னு கத்துமா? வாங்கப்பா. அவரு மண்டி போட்டு உக்காந்து காலு மரத்துப்போச்சு. அம்மா வேற டீயா ஊத்தித் தள்ளுறாங்க. அவருக்கே இப்ப இங்க வரணும்."

"காத்திருக்கத் தெரியாதவன் பொண்ணு கேக்க வரலாமா?"

பாய் அறையின் ஆழத்திலிருந்து, மெல்லிய, நடுங்கிய, ஆனால் உறுதியான ஒரு குரல் எழுந்தது: "பரவாயில்லீங்கய்யா! நான் தாங்கிக்கிறேன்!"

கன்ஜிரோ பல்லைக் கடித்துக்கொண்டு துறவியைப் பாலத்தின் நடுவுக்குத் தள்ளினார். ஆனால் பாலமோ குறுகல். படை நெருங்க நெருங்க இடம் சுருங்கிற்று. இத்தனை களங்களில் எதிரெதிர் மூலைகளில் நிறுத்திக் காத்த வில்லாளியும் துறவியும் ஒரே கல்லின் இருபுறமும் நிற்கும்படி ஆயிற்று. எலும்பு முடியோன் திரும்பினான். ஆலமரம் அடியோடு பெயர்ந்தது போல் அவன் கோடரி உயர்ந்தது, மினோரியின் தலைக்கு மேலே நின்றது, இறங்கியது.

கவசமில்லாத ஒருவன் குறுக்கே பாய்ந்தான்.

எவரும் ஏவவில்லை. எங்கோ ஓர் அகழியோரத்தில் அவள் காயத்துக்கு அவன் மருந்திட்டிருக்கிறான். ஆடுபவர் கண்ணுக்குத் தப்பிய அந்த ஒரு கணத்தில் பாசம் முளைத்துவிட்டது. தடி முறிந்தது. கெய்தா விழுந்தான். திரையின் அடியில் அவன் கடைசிச் சொல் ஒவ்வோர் எழுத்தாக வந்தது: "வில்லாளியிடம் சொல்லாதீர்கள். அவள் அழுவாள்."

வானம் தீர்ப்பளித்துவிட்டது. வேண்டியது இதுதான். எழுந்து போய் மறுத்துவிட வேண்டியதுதான் மிச்சம்.

மாவீரர் எழவில்லை. பொய்யருவி தானாக ஓய்ந்தது. அந்த அமைதியில் பாய் அறைப் பேச்சு காதில் விழுந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிச்சாதான் பரவாயில்லையே. காலு இருக்கான்னே தெரியல."

"நீட்டி உக்காரேன், அப்பா பாக்க மாட்டாரு."

"வேணாம். போன தடவையே காலாலதான் கெட்டேன்."

மினோரி சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று கன்ஜிரோவுக்குத் தெரியவில்லை. அந்த வசந்தத்துக்குப் பிறகு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கருவியில் மின்சாரம் தீரும் தறுவாயில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. பாதுகை காத்த குடியின் பெருவிரல், பற்சக்கரத்தை மன்னியாத பெருவிரல், தம்பியையே விலக்கிய பெருவிரல், திரையின் மூலைக்கு நகர்ந்தது.

வட்டில் கவிழ்ந்தது!

கோடரி வானுக்கு ஏறியது; முறிந்த தடி கூடியது; சிந்திய குருதி புண்ணுக்குள் புகுந்து புண்ணும் மூடியது; விழுந்தவன் எழுந்து, பாய்ந்தவன் பின்வாங்கி, ஒன்றுமறியாதவன் போல் வில்லாளியின் பக்கத்தில் நின்றான். இம்முறை கன்ஜிரோ என்னும் தளபதி தம் இரும்புக் கவசத்தோடு இருவருக்கும் முன்னே போய் நின்றார். கோடரி அவர் தோளில் இறங்கியது. உயிர் நூலிழையில் ஊசலாடியது. துறவி ஓடிவந்து அவருக்கு மருந்திட்டான். வில்லாளியின் அம்பு எலும்பு முடியைப் பிளந்தது. ஏழு கோபுரங்களிலும் மணி முழங்கியது. வெற்றி பதிவானதும், தன் கடன் முடிந்ததென்று கருவி அணைந்தது.

எழுந்தார் கன்ஜிரோ! தாழ் திறந்தார், தாழ்வாரம் அதிர நடந்தார், காகிதக் கதவை இருபுறமும் தள்ளித் திறந்தார், மாடத்துப் பாதுகைகளின் கீழே பாய் அறையின் நடுவில், குன்றின்மேல் கொடிமரமென நிமிர்ந்து நின்றார். முன்னே கெய்தா, அவன் கொண்டுவந்த கஷ்கொட்டை இனிப்புப் பெட்டி, மறுகோடியில் தேநீர்க் கெண்டியோடு நொபுயே.

"ஒகினோ கெய்தா! போன வசந்தத்துல இந்தப் பாய் மேல நீ பண்ணத இந்த வீடு மறக்கல. கோட்டைக் காலத்துல இருந்து இங்க ஒருத்தன் காலும் எல்ல தாண்டினதில்ல. நடந்தது நடந்ததுதான்னு நானே சொன்னேன். ஆனா ஒரே ஒரு தடவ திருப்பிக்கலாம்னு இன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். மினோரிய உனக்குத் தரேன்."

கெய்தா நெற்றி பாயில் படக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. நெடுநேரம் அவர் பாதங்களையே பார்த்துக் கிடந்தான். நன்றியின் பாரம் என்று கன்ஜிரோ அறிந்தார். நொபுயே ஊற்றிய தேநீர் கிண்ணம் நிறைந்து தட்டில் வழிந்தது. தாயுள்ளம் நிறைந்ததென்று அறிந்தார். மினோரி உட்காரும் சிறுமெத்தையை முகத்தில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். ஆனந்தக் கண்ணீர் என்று அறிந்தார்.

"ரொம்ப நன்றிங்க... அப்பா" என்றது பாயிலிருந்து குரல்.

மாவீரர் திருத்தவில்லை.

"என்னங்க..." என்றாள் நொபுயே.

"பேசாத. இப்பேர்ப்பட்ட நேரம் தெனமும் வராது. தம்பி, போய்ட்டு வா. எவ்வளவு நேரமா அடக்கிக்கிட்டு இருக்க."

கெய்தா மரத்த கால்களை இழுத்துக்கொண்டு தவழ்ந்தும் நடந்தும் தாழ்வாரத்தில் மறைந்தான். கழிவறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. மூடும் ஓசை கேட்கவில்லை. சிறிது நேரம் வாசற்படியில் நின்றவன் திரும்பி வந்து, முழங்கால்களை நெருக்கி, முகம் வெளுத்து, பழையபடி மண்டியிட்டான்.

"என்ன, போகலையா?"

"இல்லீங்கப்பா. பரவாயில்ல. நான் தாங்கிக்கிறேன்."

இப்படியொரு பொறுமையா என்று வியந்து, மருமகனைத் தேர்ந்தெடுத்த தம் மதிநுட்பத்தைத் தாமே மெச்சி, பாதுகை காத்த பெருங்குடியின் புகழ் இனிப் பேரர் காலத்துக்கும் தழைக்கும் எனும் பெருமிதத்தோடு, மூவர் கண்களும் ஒருசேரக் குவிந்திருந்த இடத்துக்கு மொமோசே கன்ஜிரோ தம் பார்வையை மெல்ல இறக்கினார்.

கழிவறைச் செருப்பு அவர் காலில் இருந்தது.