‘கேட்டுச்சொல்றேன்’ சார்

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ‘கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே போய்க் கேட்டு, நிஜமாகவே திரும்பி வந்து சொன்ன மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். தாலுகா ஆபீசில் அந்த வார்த்தைக்கு ‘இனி இந்தப் பக்கம் வராதே’ என்று அர்த்தம். மிராசுதார் வீட்டில் ‘கிடையாது’ என்று அர்த்தம். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும் மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், பஜ்ஜி பிடித்தது, பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இவர் சொன்னால் மட்டும்தான் கேட்டுச் சொல்வார் என்று அர்த்தம். அந்த அதிசயத்துக்காகவே ஊர் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு திருச்சபை நடத்திய சின்ன சேவை ஆபீசில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். நெற்றியில் திருநீறோடு போய் உட்கார்ந்து ‘கர்த்தருக்குள் அன்பானவர்களே’ என்று அடித்துக்கொண்டிருப்பேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டுச்சொல்றேன் சார் அங்கே கிராமங்களுக்குப் போய்வரும் ஊழியர். ஒல்லி உடம்பு, காதி ஜிப்பா, செயின் கழன்று கழன்று விழும் ஒரு சைக்கிள். கோயில் காணிக்கையை எந்தச் சேரிக்கு, எந்தக் குப்பத்துக்கு, எப்படிச் செலவு செய்யலாம் என்று பார்த்துவருவது அவர் வேலை. ஆனால் அவர் பார்க்கமாட்டார், கேட்பார். “காணிக்கை ஆண்டவருக்குப் போட்டது. அவர் அதை ஏழைக்கு மாத்தி விட்டுட்டாரு. நடுவுல நான் யாருங்க முடிவு பண்றதுக்கு?” என்பார்.

இந்த வியாதி ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் “டீயா, காப்பியா?” என்று கேட்டால்கூட, “கேட்டுச் சொல்றேன்” என்று கண்ணை மூடி வயிற்றில் கை வைத்துக்கொள்வார். வயிறு பதில் சொல்வதற்குள் நான் இரண்டாவது வடையை முடித்திருப்பேன். அவருக்கு ஒருதரம் கும்பகோணத்தில் பெண் பார்த்தார்கள். “பெண்ணைப் பிடிச்சிருக்கா மாப்ள?” என்று பெரியவர்கள் கேட்க, “கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்து நேரே சமையலறைக்குள் போய்விட்டார். போன வேகத்தில் சந்தோஷமாகத் திரும்பி வந்து, “அவங்களுக்கு இஷ்டம் இல்லையாம். மேல படிக்கணுமாம். படிக்க வைங்க” என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டார். கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை.

ஒரு சித்திரை மாதம் வெளிநாட்டுச் சபை ஒன்று ஏழைகளுக்கென்று மூட்டை மூட்டையாகக் கம்பளி ஸ்வெட்டர் அனுப்பியது. சித்திரையில் திருத்துறைப்பூண்டி எப்படி இருக்கும் என்பதை அந்தப் புண்ணியவான்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர் ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். சாயந்திரம் அதே மூட்டையோடு திரும்பி வந்தார். போதகர் ஐயாவுக்குக் கோபம்.

“என்னங்க இது? கொடுத்ததைத் திருப்பிக் கொண்டாரலாமா?”

“கேட்டேன் ஐயா. வேணாம்னுட்டாங்க. ஒரு பெரியவர் மட்டும் தலைக்கு வெச்சுக்க ஒண்ணு எடுத்துக்கிட்டாரு.”

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் மாதர் சங்கத்தார் தங்கள் பிடியரிசியை ஒப்படைத்தார்கள். தினமும் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். வாத்தியார் வீடு, ரயில்வே போர்ட்டர் வீடு, தையல்காரர் வீடு எல்லாவற்றிலும் அந்தப் பானை இருந்தது. வருஷம் முழுக்கச் சேர்த்தது ஆலயத்துப் பின்கட்டில் மூட்டைகளாக அடுக்கியிருந்தது. அதை விற்று, திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் கடைமடையில் இருந்த வடக்குத்தெரு என்ற கூலிக்காரர் தெருவுக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுப்பது என்று சங்கத் தலைவி ரூபி அம்மா தீர்மானித்துவிட்டார். ரிடையர் ஆன தலைமையாசிரியை. சங்கத்தின் பெயர் பொறித்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பதிப்பதற்குச் சலவைக்கல்லுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

“கேட்டுச் சொல்றேன்மா” என்றார் இவர்.

“கெணறு வேணாம்னு எவன் சொல்லுவான்?” என்றார் ரூபி அம்மா.

சொன்னார்கள். பத்து நாள் போல அங்கேயே கிடந்துவிட்டு வந்து, “கெணறு வேணாமாம். மண்ணு வேணுமாம்” என்றார் கேட்டுச்சொல்றேன் சார்.

இது ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வரவேண்டும். அறிவிப்பு எழுதுவது கோயில்பிள்ளை. மணியடிப்பதும், விளக்குத் துடைப்பதும், அறிவிப்பு எழுதுவதும் எல்லாம் அவர்தான். காதில் விழுந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். போதகர் ஐயாவும் கணீரென்று வாசித்துவிட்டார்: “நம் மாதர் சங்கத்தார் வருஷமெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த பிடியரிசி, வடக்குத்தெரு ஏழைகளுக்கு மண்ணை அள்ளிப் போடுவதற்காகப் பயன்படுத்தப்படும் என்பதைச் சந்தோஷத்துடன் அறிவிக்கிறோம்.”

பெண்கள் பக்கத்திலிருந்து ‘ஐயையோ’ என்று ஒரு குரல். பிறகு ஆலயம் முழுக்கச் சிரிப்பு. ஆராதனை முடிந்ததும் ரூபி அம்மா இவரை வேப்ப மரத்தடியில் மடக்கினார்.

“கெணத்துல கல்லு பதிக்கலாம். மண்ணுல எங்கய்யா பதிக்கறது?”

“அத அவங்களையே கேட்டுடுங்களேன்மா.”

மறுநாள் ரூபி அம்மாவும், அவருக்குக் குடை பிடிக்க நானும், இவரோடு பஸ் ஏறினோம். வடக்குத்தெரு வயல் மட்டத்துக்கும் கீழே ஒரு பள்ளத்தில் கிடந்தது. வாடிய முகத்தோடு முப்பது நாற்பது குடிசைகள். அஞ்சலை என்ற நடவுக்காரிதான் பேசினாள். குடிசைச் சுவரில் தன் இடுப்பு உயரத்தில் தெரிந்த சேற்றுக் கறையைக் காட்டினாள்.

“ஐப்பசி வந்தா தண்ணி இதுவரைக்கும் நிக்கும்மா. புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு பண்ணையாரு கொட்டாய்க்குத்தான் ஓடணும். அவரும் எடம் குடுப்பாரு, இல்லேன்னு சொல்லல. ஆனா தையில அறுப்பு வரும் பாருங்க, கூலி பேசப் போவோம். வாயத் தொறக்கறதுக்கு முந்தியே கேப்பாங்க, ‘மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தது யாரு?’ அதோட எங்க வாயி அடைச்சுப் போயிடும். இப்ப மனை எங்களுக்கே சொந்தம்னு கவுருமெண்டுல சட்டம் போட்டுட்டாங்க. பள்ளத்துல இருக்கற மனை சொந்தமா இருந்து என்னம்மா? மேடாவணும்.”

ஊருக்கு ஊர் செங்கொடி ஏறி, கூலிக்காக அடிதடியும் கேஸுமாக இருந்த காலம் அது. ரூபி அம்மா அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைமையாசிரியைக் குரல் இல்லாத ஒரு குரலில், “மண்ணு எங்கேருந்து வரும்?” என்றார்.

“பொறம்போக்குக் கொளம் காஞ்சு கெடக்கு. வெட்டினா கொளமும் ஆழமாவும், தெருவும் மேடாவும். நாங்களே சொமந்துக்குவோம். இப்ப வயல்ல வேலை இல்ல. சொமக்கற நாளைக்கு வயித்துக்குக் கஞ்சி மட்டும் வேணும்.”

ரூபி அம்மா அரிசியை விற்கவேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சலவைக்கல் பிறகு அவர் வீட்டுத் துணி துவைக்கும் கல்லானது.

குளத்து மண்ணை எடுக்க அனுமதி வேண்டுமே! தாலுகா ஆபீஸ் கிளார்க் வழக்கம்போல, “மேல கேட்டுச் சொல்றேன்” என்றார். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவருக்கு அந்த வார்த்தையின் ஊர் அர்த்தமே தெரியாது. “அப்படிங்களா, யாரைக் கேக்கணும்? வாங்க, சேந்தே போய்க் கேப்போம்” என்று கிளார்க்கின் கையைப் பிடித்துக்கொண்டார். கிளார்க் டிபனுக்குப் போனால் இவரும் பின்னால் போனார். அடுத்த வாரம் தாசில்தாரே வெளியே வந்து, “இந்த ஆளுக்கு வேணுங்கறதக் குடுத்து அனுப்பிச்சுடுங்கப்பா, ஆபீஸ் நடக்கணும்” என்றார்.

பண்ணையாரும் சும்மா இருக்கவில்லை. தன் டிராக்டரிலேயே மண் அடித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். கரைவேட்டி கட்டிய வட்டச் செயலாளர், தெருமுனையில் தங்கள் கொடியை ஏற்றினால் லாரியே வரும் என்றார். இரண்டையும் இவர் கேட்டு வந்து சொன்னார்: “வேணாமாம்.” அந்த ‘மாம்’ சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி.

சித்திரை, வைகாசி முழுக்க மண் சுமந்தார்கள். இவரும் கூடையைத் தூக்கினார். வரிசையே இவருக்குப் பின்னால் தேங்கி நின்றது. தெருக்கூட்டம் கூடி, இவர் மண் சுமக்கக்கூடாது, கஞ்சி கிண்டலாம் என்று தீர்மானித்தது. மூன்றாம் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. கூட்டம் மறுபடி கூடி, இவர் எதுவும் செய்யாமல் மரத்தடியில் உட்காரலாம் என்று தீர்மானித்தது. அதையும் அடக்கமாக ஏற்றுக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. திருத்துறைப்பூண்டியோடு பஸ் நின்றுவிட்டது. தெரு என்ன ஆயிற்று என்று பார்க்க நானும் இவரும் ரோட்டை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நடந்து, தண்ணீரில் தடுமாறிப் போனோம். வழி முழுக்க இவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வளைவு திரும்பியதும் எதிரே ஒரே வெள்ளம், நடுவில் வடக்குத்தெரு. எல்லாக் குடிசையும் மேட்டில் நின்றது. அடுப்புப் புகைகூட வந்துகொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் பண்ணைக் காரியக்காரர் வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து உழவு மாடுகள். அந்த வருஷம் வெள்ளம் பண்ணையார் கொட்டகையையும் விட்டுவைக்கவில்லை. காரியக்காரர் அஞ்சலையைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, “சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மாட்டை மட்டும் மேட்டுல ஏத்திக்கறோம்” என்றார்.

“எனக்கு இந்தத் தெருவுல மனை இல்லீங்களே” என்றார் இவர்.

காரியக்காரர் வேறு வழியில்லாமல் அஞ்சலை பக்கம் திரும்பினார். கொட்டும் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தெருக்கூட்டம் கூடியது. சிலர் முடியாது என்று கத்தினார்கள். கடைசியில் அஞ்சலை வந்தாள்.

“மாடு என்னங்க பாவம் பண்ணுச்சு? ஏத்துங்க. ஆனா ஐயா, வர்ற தையில கூலி பேசறப்ப, மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தது யாருன்னு நாங்க கேக்கமாட்டோம். நீங்களும் இனிமே கேக்கக்கூடாது.”

போன வருஷம்வரை அவள் அந்த மனிதரை, அடிமை எஜமானைக் கூப்பிடுவதுபோல ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட்டிருப்பாள். காரியக்காரர் தலையை ஆட்டினார். மாடுகள் ஏறின. ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கூட்டம் இவருக்குக் கொடுத்தது. அது இவரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கி வெள்ளத்தில் போட்டது. சேறும் தண்ணீருமாக எழுந்து நின்று அவர் சிரித்த சிரிப்பை, தெருவே பார்த்துச் சிரித்தது. தை மாதம் கூலி பேச்சில் அவர்கள் வாயைத் திறந்து பேசினார்கள். கூடவும் கிடைத்தது.

மறுவருஷம் ஆபீஸ் அவரை ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிட்டது. அப்போது மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை. வடக்குத்தெருவையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று நான்கைந்து வருஷம் கழித்துக் காதில் விழுந்தது. அன்று நான் டைப் அடிக்கவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. என் மருந்தை டாக்டர் முடிவு செய்கிறார், சாப்பாட்டை மருமகள் முடிவு செய்கிறாள், எந்த அறையில் படுக்கவேண்டும் என்பதை மகன் முடிவு செய்கிறான். எல்லாம் என் நல்லதுக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் வந்து கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். எனக்கு அந்த மனிதர் வேண்டும்.