சின்னவரின் இரண்டு கோட்டுகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் நலம். முதலில் தங்கள் நாய் நலம். அதற்கு அடுத்தபடியாக என் வீட்டுக்காரர் நலம். மிச்சம் இருந்தால் நானும் நலம். நாய் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவேண்டும். "அவனை நாய்ன்னோ அதுன்னோ சொல்லாதீங்க சம்பந்தி, மனசு ஒடிஞ்சிடுவான். எங்க வீட்ல அவன் சின்னவர்" என்று காரில் ஏறும்போது தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. இனி சின்னவர் என்றே எழுதுகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் தாங்கள் பேச ஆரம்பித்தால் என் வாய் தானாக "சரிங்க, சரிங்க" என்றுதான் சொல்லும். அப்படிச் சொன்ன ஒரு சரிங்கவில்தான், என் மகளுக்குப் பிள்ளை பிறந்த மறுநாள் தாங்கள் பேரனைப் பார்க்கப் போனீர்கள், நான் சின்னவரைப் பார்க்க உட்கார்ந்தேன். "அங்க கூடுதலா இருக்கறது ஒரே ஒரு அறை. மூணு வாரம் நான் இருந்துட்டு வந்துடறேன், அப்புறம் நீங்க போங்க. இவனை நம்பி விட்டுட்டுப் போக உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?" என்றீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று வாரம் முடிகிறது. நேற்று தாங்கள் அனுப்பிய செய்தியிலோ, பிள்ளை தங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பதாகவும், இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகவும் கண்டிருந்தது. பதினெட்டு நாள் பிள்ளை ஆள் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டு மெய்சிலிர்த்தேன். அதே பதினெட்டு நாளில் இங்கே நடந்ததும் தங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா? நான் எதையும் தேதி போட்டுக் குறித்து வைக்கிறவள். நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன்.

தாங்கள் கொடுத்துவிட்டுப் போன நாலு பக்கக் குறிப்பை முதலில் என் வீட்டுக்காரர்தான் வாங்கிப் படித்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அல்லவா, பதினேழு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, "விஷயம் சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். முதல் வரியே இதுதான்: 'சின்னவருக்கு இரண்டு கோட்டு உண்டு. உள்கோட்டு மெத்தென்றும் வெளிக்கோட்டு சொரசொரப்பாகவும் இருக்கும். இரண்டையும் தினமும் சீவவும்.' சின்னவரோடு வந்த பையைக் கவிழ்த்துத் தேடினோம். தட்டு இருந்தது, பந்து இருந்தது, விதவிதமாக மூன்று சீப்பு இருந்தது, கோட்டு மட்டும் இல்லை. "பேரனைப் பாக்கற அவசரத்துல அலமாரியிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க போல" என்றேன். "ரெண்டையுமா?" என்றார் இவர். "குளிர்ல நடுங்கினா யாரு பதில் சொல்றது? சம்பந்தி வீட்டுப் பிள்ளை!" என்று சொல்லி, நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு இவர் ஆசையாகத் தைத்துக்கொண்ட கோட்டை வெட்டி வெளிக்கோட்டும், என் கம்பளிச் சால்வையைக் கிழித்து உள்கோட்டும் இரண்டே நாளில் தைத்து மாட்டிவிட்டேன். குறிப்பில் இருந்தபடி தினமும் காலையில் பிரார்த்தனை முடித்துவிட்டு அந்தக் கோட்டைச் சீவினேன். துணியை ஏன் சீவவேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை; பெரிய வீடுகளில் அப்படித்தான் போலிருக்கிறது என்று அடக்கமாக இருந்துகொண்டேன்.

ஏழாம் நாள் குளியல். கோட்டைக் கழற்றினால் உள்ளே ஒரே சிக்கு. கோட்டுக்குள் ஐந்து நாள் புழுங்கிய முடி வேறு எப்படி இருக்கும்? தண்ணீர் பட்டால் பிரிந்துவிடும் என்று இரண்டு வாளி ஊற்றினேன். 'சிக்கு இருந்தால் குளிப்பாட்டும் முன் எடுத்துவிடவும், நனைந்தால் இறுகிவிடும்' என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. குளியலோ இரண்டாம் பக்கத்தில். இரண்டாம் பக்கத்தைச் செய்யும்போது மூன்றாம் பக்கத்தைப் படித்திருக்கவேண்டும் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. உலர்ந்தபோது சின்னவர் கதவருகே போடும் கால்மிதி மாதிரி ஆகிவிட்டார். எடுத்துக்கொண்டு ஓடினோம் டாக்டரிடம். சின்ன வயது டாக்டரம்மா. குளிருமே என்று நான் மேலே மாட்டிவிட்ட கோட்டைத்தான் முதலில் பார்த்தது. "இது யாரும்மா தைச்சது?" "நான்தான்." "எதுக்கு?" குறிப்பை நீட்டினேன். படித்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த பூனைக்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா, கோட்டுன்னா முடிம்மா! இந்த மாதிரி நாய்க்கு அடியில மெத்துன்னு ஒரு முடி, மேல முரடா ஒரு முடி!" இவர் அங்கேயே பேனாவைத் திறந்து பதினெட்டாவது சுழியைப் போட்டார்.

"மொட்டை அடிச்சிடலாமா?" என்று கேட்டேன், பேராசையில். "கூடவே கூடாது, வெயில் தாங்காது, திரும்பி ஒழுங்கா முளைக்கவும் முளைக்காது" என்றுவிட்டது. முடியை வகிர்ந்து பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேர் வரைக்கும் சீவக் கற்றுக்கொடுத்தது. அன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம். இதுவரை உதிர்ந்தது இரண்டு தலையணை உறை நிறைய. கட்டி வைத்திருக்கிறேன், சின்னவரின் சொத்தில் ஒரு இழையும் குறையவில்லை. இவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு அச்சகம் போனதைத் தவிர. அங்கே ஒரு முடி ஒரு வரியின் மேல் நீளமாகப் படுத்திருக்க, இவர் அடித்துவிட்ட வரி என்று நினைத்து யாரோ ஒரு கம்பெனி முதலாளியின் பெயரையே எடுத்துவிட்டார்களாம். அந்த முதலாளி சின்னவரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்.

பாதத்துக்கு வருகிறேன். 'வெளியே போய்வந்தால் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, துளி எண்ணெய் தடவி, நக்காமல் இருக்கப் பத்து நிமிடம் பேச்சுக் கொடுக்கவும்.' எனக்குப் பேச என்ன இருக்கிறது? மகள் அனுப்பிய போட்டோவைக் காட்டிப் பேரன் மூக்கு யார் சாயல் என்று அவரிடமே கேட்டேன். அவர் கருத்துச் சொல்லவில்லை. ஆறாவது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. எண்ணெய்க் காலோடு வழவழத் தரையில் அவர் ஓடினார்; கால்கள் நாலும் நாலு திக்கில் போக, உடம்பு மட்டும் நேராகப் போய் டீயோடு வந்த இவரை அள்ளியது. இவர் உட்கார்ந்தார். டீ உட்காரவில்லை.

அப்புறம் நகம். 'நுனியை மட்டும் வெட்டவும், உள்ளே ரத்தக்குழாய் இருக்கும், கை நடுங்கக்கூடாது, மிகவும் சுலபம்.' பதினெட்டு நகம், பதினெட்டும் கறுப்பு; குழாய் எங்கே இருக்கிறதென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பிடித்துக்கொள்ள வந்த இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒரு நாளைக்கு இரண்டு நகமாக ஒன்பது நாள் வெட்டினேன். ஒரே ஒரு நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. சோளமாவை வைத்து அழுத்திக்கொண்டு எனக்குத் தெரிந்த தோத்திரம் எல்லாம் சொன்னேன். சின்னவர் கத்தவில்லை, நான்தான் கத்தினேன்.

ஆகவே சம்பந்தி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் வாங்கியாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. தாங்கள் ஞாயிறன்று வந்து, தங்கள் சின்னவரையும் அவரது இரண்டு கோட்டுகளையும், நான் தைத்த இரண்டையும் சேர்த்தால் நாலு கோட்டுகளையும், சரிபார்த்து எடுத்துக்கொள்ளவேண்டியது. பத்து நாள்தானே என்கிறீர்கள். என் பேரன் பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது; அதில் ஒரு நாள்கூட நான் அவனைப் பார்க்கவில்லை. இந்த முறை சரிங்க சொல்வதாக இல்லை.

பிள்ளைக்கு என் ஆசி. அவன் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ, சின்னவரின் முடி ஒட்டிய தோத்திரப் புத்தகத்தை வைத்துத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இவர் தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்; திருத்திய நாலு பக்கமும் இத்துடன் வருகிறது.

இப்படிக்கு,
எப்போதும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் பேசினாள். "பிள்ளை முகமெல்லாம் பிறாண்டி வெச்சிருக்கான்மா. எனக்கு நகவெட்டியைத் தொடவே பயமா இருக்கு. அத்தை எடுப்பாங்க, கை நடுங்கும், கீழ வெச்சிடுவாங்க. நாய்க்கே ஒரு தடவைகூட வெட்டினதில்லையாம், நாய்க்கு முடி, நகம் வெட்டற கடையிலதான் கொண்டுபோய் விடுவாங்களாம். அதைச் சொல்லி நேத்து அழுதுட்டாங்கம்மா. பாவம், இத்தனை நாளா பிள்ளையை மடியை விட்டு இறக்கல, முதுகு பிடிச்சுக்கிட்டு நிமிர முடியல" என்றாள். அந்த நாலு பக்கத்தையும் எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. மேலே எழுதியதைத் திருத்த நேரமில்லை, தபால் எடுக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரவேண்டாம். சனிக்கிழமை காரில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். இந்தப் பயலைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. ஒரே அறை என்றால் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். அதுவரை பிள்ளை கைக்கு உறை மாட்டச் சொல்லியிருக்கிறேன், நகத்தில் யாரும் கை வைக்கவேண்டாம், வந்து நான் வெட்டுகிறேன். தாங்கள் மட்டும் எங்கேயும் கிளம்பிவிடாதீர்கள். வெட்டும்போது அந்தப் பிஞ்சுக் கையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இவரை நம்ப முடியாது.