ஓஸ்டர்மன் கார்டும் ஐம்பது டாலரும்

இந்த வருஷம் ஒரு படகு வாங்கியே தீருவது என்று வெர்னன் கோஸ்லர் முடிவு செய்துவிட்டார். ஈரி ஏரியில் மீன் பிடிக்கச் சொந்தப் படகு. பழசானாலும் பரவாயில்லை, மோட்டார் ஓடினால் போதும். ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரக் கண்ணாடித் தொழிற்சாலையில் ஆயுசெல்லாம் வெந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இதுகூடக் கூடாதா?

கூடாது என்பாள் மார்லீன். அவருடைய சம்சாரம். அவளுக்கு வேண்டியது அடுப்பு. வீட்டில் இருக்கிற அடுப்பில் நாலு பர்னரில் ஒன்றுதான் எரிகிறது. பர்னருக்குக் கீழே இருக்கிற ஓவன் கதவு மூடாது, நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் ரொட்டி சுட வேண்டும். அடுப்பு என்று அவள் வாயெடுத்தாலே, பென்ஷனில் அதற்கெல்லாம் ஏது பணம் என்று வெர்னன் முகத்தைத் தொங்கப் போட்டுவிடுவார்.

அப்படியானால் படகுக்கு மட்டும் பணம் எங்கிருந்து வரும்? கார்டிலிருந்து வரும். அந்தக் காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டுக்குள் இனாமாக வந்த பேஸ்பால் கார்டு. பந்து வீச்சாளர் கிளைட் ஓஸ்டர்மன் ஆட வந்த முதல் வருஷத்தில் அச்சான கார்டு அது. நாலு மூலையும் கூர்மையாக, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் இருக்கும். தரம் பார்த்து நம்பர் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து சீல் வைத்திருந்தார்கள். வெர்னன் அதற்குக் கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு டாலர். வீட்டில் சொன்னது இருபத்தைந்து.

இதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. டொலீடோ கார்டு கிளப்பில் அத்தனை ஆம்பிளைகளும் அப்படித்தான். வாங்கிய விலையில் இருக்கிற பூஜ்யங்களையெல்லாம் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவார்கள். வெர்னனின் நண்பர் கஸ் மெலிகன் இன்னும் ஒரு படி மேலே. தன்னிடம் இருக்கிற கார்டெல்லாம் யாரோ குப்பையில் போட்டதை எடுத்து வந்தது என்று சொல்லித் தன் மனைவி டோரீனை இத்தனை வருஷமாக நம்ப வைத்திருந்தார். அவள் நம்பினாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் ஒரு சேதி கசிந்தது. மகா ஆட்டக்காரர்களுக்கு மட்டும் இடம் தரும் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இந்த முறை ஓஸ்டர்மனைச் சேர்க்கப் போகிறார்கள், டிசம்பரில் ஓட்டெடுப்பு என்று. அவ்வளவுதான், அந்தக் கார்டின் விலைக்குக் கால் முளைத்துவிட்டது. இரண்டாயிரம் ஆனது, மூவாயிரம் ஆனது, நவம்பர் கடைசியில் வருகிற வான்கோழி விருந்துப் பண்டிகைக்குள் நாலாயிரத்தைத் தாண்டியது. வெர்னன் குளியலறையில் விசிலடித்தார். ஒரு பக்கம் தீய்ந்து மறுபக்கம் வேகாத ரொட்டியைத் தின்றுவிட்டு, பிரமாதம் என்றார். மார்லீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இப்பவே வித்துடு என்று கஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வதந்தியில் ஏறுகிற விலை சேதி வந்ததும் இறங்கிவிடும், காலம் காலமாக இந்த வியாபாரத்தில் நடக்கிற கூத்து என்றார். வெர்னன் கேட்டால்தானே. ஓஸ்டர்மன் மண்டபத்துக்குள் கால் வைத்த மறுநாள் பத்தாயிரத்துக்குப் போகும், அன்றைக்கு விற்பேன் என்று நின்றார். படகு சர்ச் லாட்டரியில் விழுந்தது என்று மார்லீனிடம் சொல்வதற்கு வசனம்கூடத் தயார்.

ஓட்டெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை, தீயணைப்புப் படை மண்டபத்தில் கார்டு சந்தை. கிளப் ஆட்கள் ஆளுக்கொரு மேஜை போட்டு உதிரிக் கார்டுகளை விற்பார்கள். வீட்டுக்காரிகள் மேஜைக்குக் காவல் இருக்க, வீட்டுக்காரர்கள் மண்டபம் பூராவும் சுற்றிப் பெருமை அடிப்பார்கள். கூட்டம் இழுப்பதற்காக வெர்னன் கண்ணாடிப் பெட்டியின் நட்ட நடுவில் ஓஸ்டர்மனை வைத்தார். விலைச் சீட்டு ஒட்டவில்லை.

"நடுவுல தூங்கி வழியிறானே, இவன் என்ன விலை?" என்றாள் மார்லீன்.

"அது சும்மா அழகுக்கு வெச்சிருக்கேன்."

"இந்த மூஞ்சியை அழகுக்கு வெச்சியா? நீ எவ்வளவு போட்டு வாங்கினே?"

பக்கத்து மேஜையில் டோரீன் பின்னலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கஸ்ஸுக்கு வியர்த்தது.

"இருபத்தஞ்சு. அன்னைக்கே சொன்னேனே."

"ஆமா, சொன்னே," என்றாள் மார்லீன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெர்னன் நிம்மதியாகப் போய் சில்லி டாக் என்கிற காரமான இறைச்சி ரொட்டி ஒன்றைத் தின்றார். நாலு பேரிடம் ஓஸ்டர்மன் புராணம் பாடினார், பத்தாயிரம் என்றார். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் வெற்றிடம்.

"ஓஸ்டர்மன் எங்கே மார்லீன்?"

"வித்துட்டேன்."

"என்னது?"

"ஐம்பது டாலர். போட்ட காசு ரெட்டிப்பாயிடுச்சு வெர்ன். நீகூட இவ்வளவு சாமர்த்தியமா வித்ததில்ல." நோட்டை அவர் சட்டைப் பையில் செருகி, தட்டியும் கொடுத்தாள்.

அடிப்பாவி என்று அலற வெர்னன் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு சுற்றிப் பார்த்தார். மேஜைக்கு மேஜை பெண்டாட்டிகள். அத்தனை பேர் காதும் இந்தப் பக்கம்தான் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் புருஷன்மார்கள் முகமெல்லாம் வெளுத்து, சொல்லிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்கள். நாலாயிரம் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்தால், ராத்திரி டொலீடோவில் ஒரு வீட்டிலும் புருஷனுக்குச் சோறு கிடைக்காது. கஸ் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றார்.

"நல்ல வேலை செஞ்ச மார்லீன்," என்றார் வெர்னன்.

மண்டபமே மூச்சு விட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நெஞ்சுக்குள் அந்தப் படகு முழுகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் எழுந்து நடமாடவே வெறுத்துப் போய் சோபாவில் கிடந்தார். அந்த வாரத்தில் வீட்டுக்குப் புது அடுப்பு வந்து இறங்கியது. ஐந்து பர்னர், பளபளவென்று இருந்தது. ஏது என்று கேட்டார். ஓரத்தில் கீறல் விழுந்ததாம், இருபத்தஞ்சு டாலருக்குத் தள்ளிவிட்டார்கள் என்றாள் மார்லீன். இவருக்கு இருந்த துக்கத்தில், கீறல் எங்கே இருக்கிறது என்று தேடக்கூடத் தோன்றவில்லை.

ஓட்டெடுப்பு முடிந்தது. ஓஸ்டர்மன் ஜெயித்தார். அன்றைக்கு ராத்திரியே ஒஹாயோ முழுக்க அலமாரிகளும் டிராயர்களும் திறந்துகொண்டன. பத்தாயிரத்துக்காக அடைகாத்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் வாங்க யார் இருக்கிறார்கள்? ஒரு வாரத்தில் விலை சரிந்து, ஆயிரத்து ஐந்நூறுக்குக்கூட நாதியில்லை என்றாகிவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரிதான் வெர்னன் அன்று கிளப்புக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் பீர் வாங்கிக் கொடுத்தார், இன்னொருவர் தோளைத் தட்டினார்.

"கில்லாடிடா நீ," என்றார் கஸ். "எங்ககிட்ட பத்தாயிரம்னு கதை விட்டுட்டு, சந்தையில ஐம்பது டாலர்னு பொண்டாட்டியோட சேர்ந்து நாடகமும் ஆடிட்டு, சரியா உச்சியில நிக்கிறப்ப நாலாயிரத்து அறுநூறுக்குத் தள்ளிட்டியே."

வெர்னனுக்குப் புரையேறியது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சந்தைக்கு வந்த கிளீவ்லாண்ட் வியாபாரி ஒருவன் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறானாம். மூவாயிரம் என்று ஆரம்பித்தானாம். அந்த மேஜையில் இருந்த அம்மா வாயே திறக்காமல், கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாளாம். பயந்துபோய் அவனாகவே ஏற்றிக்கொண்டு போனானாம். நாலாயிரத்து அறுநூறில்தான் அவள் தலை அசைந்ததாம்.

வெர்னன் என்ன செய்தார் தெரியுமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சந்தை எப்போது திரும்பும் என்று தெரிந்துகொள்ள ஒரு மூக்கு வேண்டுமப்பா என்றார். கிளப்பின் அடுத்த தலைவர் அவர்தான் என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது. வாழ்க்கையில் அத்தனை பேர் அவருக்குக் கைகொடுத்ததில்லை.

அதே நெஞ்சோடு வீட்டுக்கு வந்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும். சமையலறையில் புது அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை பலகாரம் மணந்தது. வாசலிலேயே நின்று கேட்டார்.

"மார்லீன், அந்தக் கார்டை நீ நெஜமா எவ்வளவுக்கு வித்தே?"

மார்லீன் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சொல்றேன். அதுக்கு முன்னால நீ சொல்லு. அதை நீ நெஜமா எவ்வளவுக்கு வாங்கினே?"

வெர்னன் யோசித்தார். ஓஸ்டர்மன் ஒருத்தன் மட்டும் என்றால் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டு நிலவறையில் இன்னும் மூன்று பீரோ நிறைய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒருத்தன் விலை வெளியே வந்தால் ஒவ்வொருத்தன் விலையும் வரும்.

"இருபத்தஞ்சு," என்றார்.

"அப்போ நான் வித்தது ஐம்பதுதான்," என்றாள் மார்லீன். "உட்காரு, ஆப்பிள் பை ஆறுது."